அரசன் அருளிய மரணம்

பண்டைச் சீனத்தின் அரசவையிலிருந்து ஓர் அமைச்சரின் மனைக்கோ, எல்லைப்புறத்திலே பாசறை அமைத்திருந்த ஒரு தளபதியின் கூடாரத்துக்கோ சில வேளைகளில் அரச தூதன் ஒருவன் வருவதுண்டு. அவன் கையில் முத்திரையிட்ட ஆணை ஒன்று இருக்கும். அதனுடன் ஒரு வாளோ, நஞ்சு கலந்த மதுவோ, பிற்காலத்திலாயின் ஒரு துண்டு வெண்பட்டோ வந்து சேரும். கொலையாளன் எவனும் உடன் வருவதில்லை, விலங்கும் இல்லை, சிறைவண்டியும் இல்லை. ஆணையைப் பெற்றவர் மண்டியிட்டு அதனைக் கேட்டல் வேண்டும். அரசனின் கருணைக்கு நன்றி கூறி வணங்குதல் வேண்டும். பின்னர்த் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளல் வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கம் சீனத்திலே நிலவியது. பட்டத்து இளவரசரும், அரசியரும், முதலமைச்சரும், வெற்றிவாகை சூடிய படைத்தலைவரும் இவ்வாறு மாண்டனர்.

சீனமொழியில் இதற்கு வழங்கிய பெயருக்கு 'மரணத்தை அருளுதல்' என்பது பொருள். பொன்னும் பட்டும் நிலமும் அரசன் வழங்குவதைக் குறித்த அதே சொல்லே, அவன் சாவை வழங்குவதையும் குறித்தது. சாவை வரிசைப்பொருளாகக் கொள்வது இன்று விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அக்கால மக்கள் அவ்வாறு கருதியமைக்குக் காரணம் இல்லாமலில்லை. தாய் தந்தையர் அளித்த உடலைச் சிதையாது காத்தல் மகனின் முதற் கடன் என்பது சீன அறநூல்களின் போதனை. தலை வேறு உடல் வேறாக வெட்டப்படுவது அக்கடனை அழிக்கும் இழிவு. சந்தைவெளியிலே மக்கள் காணக் கொல்லப்படுவது அதனினும் பெரிய அவமானம். குற்றவாளியின் மனைவி மக்கள் அடிமைகளாக்கப்படுவதும், குலம் முழுவதும் அழிக்கப்படுவதும் அக்காலச் சட்டத்திலே இருந்தன. இவற்றோடு ஒப்பிடும்போது, தன் இல்லத்தில், தன் கையால், உடல் சிதையாது மாள்வது ஒரு சலுகையே. தண்டனைகள் உயர்குடி அதிகாரியை எட்டலாகா என்று பண்டைய ஒழுக்க நூலான 'லீ ஜீ' வகுத்த விதியும் இச்சலுகைக்கு அரணாயிற்று.

எனினும் இச்சடங்கிலே ஒன்று மட்டும் இடம்பெறவில்லை. குற்றஞ்சாட்டியவன் யார், சான்று யாது, குற்றஞ்சாட்டப்பட்டவன் கூறும் மறுமொழி யாது என்று வினவும் கட்டம் அதிலே இல்லை. வாள் வந்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது. மரியாதை என்ற பெயரால் வழங்கப்பட்ட இச்சாவின் விலை, தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்கும் உரிமையே. அவ்விலையை யார் யார் கொடுத்தனர், அதனால் விளைந்தது யாது என்பதைச் சீனத்தின் வரலாற்று நூல்களே கூறுகின்றன.

கிறித்துவுக்கு முற்பட்ட ஐந்தாம் நூற்றாண்டிலே, யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் வூ, யுவே என்னும் இரு நாடுகள் பகை கொண்டிருந்தன. வூ நாட்டை வலிமை மிக்கதாக்கியவருள் வூ சீசூ என்னும் அமைச்சர் முதன்மையானவர். யுவே மன்னன் கௌஜியான் போரில் தோற்றுப் பணிந்தபோது, அவனை நம்பலாகாது, அந்நாட்டை விட்டுவைத்தல் தீராத நோயை வயிற்றிலே வைத்திருப்பதை ஒக்கும் என்று அவர் தம் மன்னன் ஃபூசாய்க்கு இடித்துரைத்தார். பகைவரிடம் கையூட்டுப் பெற்ற மற்றோர் அமைச்சன் அவர்மீது பழி கூறினான். கி. மு. 484 ஆம் ஆண்டில் மன்னன் அவருக்கு வாள் ஒன்றை அனுப்பினான். தம் கண்களைப் பிடுங்கித் தலைநகரின் கீழைவாயிலிலே தொங்கவிடுமாறும், யுவேயின் படை நகருக்குள் நுழைவதை அவை காணட்டும் என்றும் கூறிவிட்டு அவர் இறந்தார். சினங்கொண்ட மன்னன் அவருடைய உடலைத் தோற்பையிலே இட்டு ஆற்றில் எறிவித்தான். பதினோராண்டுகள் கழிந்து, கி. மு. 473 இல், யுவேயின் படை வூ நாட்டை வென்றது. மறுமையிலே அவ்வமைச்சரின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று கூறி, ஃபூசாய் தன் முகத்தை மூடிக்கொண்டு உயிர்நீத்தான்.

வென்ற கௌஜியானோ தோற்றவனிடமிருந்து பாடம் எதனையும் கற்றிலன். அவனுக்கு வெற்றி தேடித் தந்தவருள் ஒருவராகிய வென் ஜோங் நோயென்று கூறி அரசவைக்கு வராதிருந்தபோது, அவர் கலகம் செய்யக் கருதுகிறார் என்று சிலர் கோள் மூட்டினர். மன்னன் அவருக்கு வாள் அனுப்பினான். அதனுடன் வந்த செய்தி கொடிய நகையாடல். பகையை வெல்ல அவர் ஏழு சூழ்ச்சிகளைக் கற்பித்தாராம். மூன்றே வூ நாட்டை அழிக்கப் போதுமாயின. எஞ்சிய நான்கையும் மறுவுலகிலே இருக்கும் மன்னனின் தந்தைக்காகக் கையாண்டு பார்க்கட்டும் என்பதே அச்செய்தி. தோல்வியுற்ற அரசன் அச்சத்தாலும், வெற்றிபெற்ற அரசன் ஐயத்தாலும் ஒரே செயலைச் செய்தனர்.

சின் நாட்டுத் தளபதி பாய் ச்சியின் முடிவு இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கி. மு. 260 இல் சாங்பிங் என்னுமிடத்தில் ஜாவ் நாட்டின் பெரும்படையை அவர் முறியடித்தார். சரணடைந்தோரை வஞ்சித்துக் கொன்று புதைத்தார்; மாண்டோர் தொகை நாலு இலட்சத்துக்கு மேல் என்று பழைய வரலாறு கூறுகின்றது. சில ஆண்டுகளின் பின் ஜாவ் நாட்டுத் தலைநகர்மீது படை நடத்துமாறு மன்னன் பணித்தபோது, அம்முயற்சி வெற்றிபெறாது என்று கூறி அவர் மறுத்துவிட்டார். பதவி பறிக்கப்பட்டது, சாதாரணப் போர்வீரனாகத் தாழ்த்தப்பட்டு நாடுகடத்தப்பட்டார். தலைநகரை விட்டுச் சிறிது தூரமே சென்றிருந்த நிலையில், அவர் மனக்குறையோடு செல்கிறார் என்று அரசவையிலே பேசப்பட்டது. அப்பேச்சே போதுமான குற்றமாயிற்று. கி. மு. 257 இல் வாள் அவரைப் பின்தொடர்ந்து வந்தது. வானத்துக்கு யான் இழைத்த குற்றம் யாது என்று முதலில் அவர் வினவினார். நெடுநேரம் சிந்தித்தபின், சாங்பிங்கிலே சரணடைந்தவர்களைக் கொன்றமையை நினைந்து, அதுவே தாம் சாவதற்குப் போதிய காரணம் என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு இறந்தார். அவரைக் கொல்ல ஆணையிட்ட மன்னன் அக்குற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

ஆணையைக் கேள்வியின்றி ஏற்பதால் விளையும் தீமை முழுவதும் வெளிப்பட்டது சின் பேரரசின் முதற் பேரரசர் இறந்த வேளையிலே. சீனம் முழுவதையும் கி. மு. 221 இல் ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த அவர், கி. மு. 210 இல் நாட்டைச் சுற்றிவரும் வழியில் ஷாசியூ என்னுமிடத்தில் உயிர்நீத்தார். மூத்த மகன் ஃபூசூ அப்போது வடஎல்லையில் இருந்தான். அறிஞர்களைக் கடுமையாகத் தண்டிப்பது தகாது என்று தந்தைக்கு எடுத்துரைத்தமைக்காக, பெருமதிலைக் கட்டி எல்லையைக் காத்துநின்ற தளபதி மெங் தியானின் படையைக் கண்காணிக்குமாறு அங்கே அனுப்பப்பட்டிருந்தான். தலைநகருக்கு வந்து தம் ஈமக்கடனை நடத்துமாறு அம்மகனுக்குப் பேரரசர் இறுதியாக எழுதுவித்த மடல் முத்திரையிடப்பட்டிருந்தது; அனுப்பப்படவில்லை. அது ஜாவ் காவ் என்னும் அரண்மனை அதிகாரியின் கையிலே இருந்தது.

ஜாவ் காவும் முதலமைச்சர் லீ ஸுவும் இளைய மகன் ஹூஹாயை அரசனாக்கத் துணிந்தனர். பேரரசரின் மரணம் மறைக்கப்பட்டது. கோடைவெயிலில் உடல் நாற்றமெடுத்தபோது, அந்நாற்றத்தை மறைக்க உப்பிட்ட மீன் வண்டியிலே ஏற்றப்பட்டது. இறந்தவரின் பெயராலே பொய்யாணை ஒன்று எழுதப்பட்டு, உண்மையான முத்திரை இடப்பட்டு, வாளுடன் வடக்கே சென்றது. ஃபூசூ தந்தையைக் குறைகூறிய மகன் என்றும், மெங் தியான் அவனைத் திருத்தத் தவறியவர் என்றும் அது பழித்தது. இருவரும் உயிர்விடுமாறு பணித்தது.

ஃபூசூ அழுதுகொண்டே உள்ளறைக்குச் சென்றான். மெங் தியான் தடுத்தார். மூன்று இலட்சம் வீரர் தம் கீழ் இருப்பதையும், இளவரசன் அப்படையின் கண்காணிப்பாளனாக இருப்பதையும் அவர் நினைவூட்டினார். ஒரே ஒரு தூதன் வந்து சொல்லியதனால் உயிர்விடுவதா? இது வஞ்சகமாக இருத்தலும் கூடுமே? மறுமுறை கேட்டு விண்ணப்பம் அனுப்புவோம். அதன்பின் சாவதாயினும் காலம் கடந்துவிடாது என்று வேண்டினார். தூதனோ மீண்டும் மீண்டும் விரைவுபடுத்தினான். தந்தை மகனைச் சாகப் பணித்தபின் மறுமுறை கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கூறி ஃபூசூ உயிர்நீத்தான். நல்ல மகனாக இருந்தமையே அவனுக்கு நஞ்சாயிற்று. பொய்யாணை எழுதியவர்களுக்கு வேண்டியிருந்தது படைபலமன்று. மகனின் கீழ்ப்படிதல் ஒன்றே. அதனை அவர்கள் சரியாகக் கணித்திருந்தனர்.

மெங் தியான் உயிர்விட மறுத்தமையாற் சிறைப்பட்டார். பின்னர்த் தலைநகரிலிருந்து மற்றோர் ஆணை வந்தது. தம் குலம் மூன்று தலைமுறையாகச் சின் நாட்டுக்கு உண்மையோடு உழைத்தமையை அவர் விரிவாக எடுத்துக் கூறி, அதனை அரசனுக்குத் தெரிவிக்குமாறு தூதனை வேண்டினார். ஆணையை நிறைவேற்றவே வந்தேன். தளபதியின் சொற்களை மேலிடத்துக்குக் கொண்டுசெல்லத் துணியேன் என்பதே தூதன் அளித்த விடை. மலையிலிருந்து கடல் வரை மதில் கட்டியபோது நிலத்தின் நரம்புகளைத் தாம் அறுத்திருக்கக்கூடும். அதுவே தம் குற்றம் போலும் என்று கூறி அவர் நஞ்சுண்டார்.

புதிய அரசனுடைய உடன்பிறந்தாரும் தப்பவில்லை. மூன்று இளவரசர்கள் அரண்மனையிலே அடைக்கப்பட்டிருந்தனர். அரசவை ஒழுங்கில் ஒருபோதும் தவறியதில்லை, தம் குற்றம் இன்னதென்று அறிந்து சாக விரும்புகிறோம் என்று அவர்கள் கேட்டனர். அரசனின் ஆலோசனையில் யான் பங்குகொண்டவனல்லேன். எழுதியபடி செய்பவன் என்றான் தூதன். மூவரும் வானை நோக்கி அரற்றி வாளெடுத்தனர். மற்றோர் இளவரசன் தப்பியோட எண்ணினான். ஓடினால் குடும்பம் முழுவதும் அழியும் என்று அஞ்சி, தந்தையின் கல்லறையருகே தன்னைப் புதைக்க அனுமதி வேண்டும் என்று தானே மனுச் செய்தான். அரசன் மகிழ்ந்து, ஈமச்செலவுக்கு ஓர் இலட்சம் காசு வழங்கினான்.

சூழ்ச்சி செய்தோரின் கதையும் இதே வழியிற் சென்றது. லீ ஸு சிறைப்பட்டு அங்கிருந்து அரசனுக்கு மனு எழுதினார். சிறைக்கைதிக்கு மனு எழுதும் உரிமை ஏது என்று ஜாவ் காவ் அதனை எறிந்துவிட்டான். கி. மு. 208 இல் லீ ஸு வெட்டுண்டார். மறுவருடம் ஜாவ் காவின் ஆட்கள் அரண்மனைக்குட் புகுந்து ஹூஹாயைச் சூழ்ந்துகொண்டனர். முதலமைச்சனைக் காண வேண்டும் என்றான் அரசன், மறுக்கப்பட்டது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் அரசனாக விடுங்கள் என்றான்; அதுவும் மறுக்கப்பட்டது. பதினாயிரம் குடிகளுக்குரிய சிற்றரசனாகவேனும், இறுதியில் மனைவி மக்களோடு வாழும் சாதாரணக் குடிமகனாகவேனும் விடுங்கள் என்று இறைஞ்சினான். முதலமைச்சனின் ஆணையை நிறைவேற்ற வந்தேன்; நீ கூறுவதைக் கொண்டுசெல்லத் துணியேன் என்ற பழைய விடையே அவனுக்கும் கிடைத்தது. அவனும் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். இதற்கிடையில் நாடெங்கும் கலகம் மூண்டிருந்தது. முதலிற் கிளர்ந்தெழுந்த உழவர் தலைவர்கள் மக்களைத் திரட்டுவதற்குப் பயன்படுத்திய பெயர்களுள் ஒன்று ஃபூசூவின் பெயர். அவன் இறந்ததை மக்களுட் பலர் அறிந்திருக்கவில்லை. கி. மு. 206 இல் சின் பேரரசு மறைந்தது.

அதன்பின் வந்த ஹான் பேரரசிலே இவ்வழக்கம் ஓர் ஒழுங்குமுறையாகவே உருப்பெற்றது. அரசமரபைக் காப்பாற்றிய முதுபெருந் தளபதி ஜோவ் போ, கலகம் செய்யச் சூழ்ந்தார் என்ற பொய்க்குற்றத்தின்மேல் சிறையிலடைக்கப்பட்டுச் சிறைக்காவலரால் இழிவுபடுத்தப்பட்டார். பெரும்படையை நடத்திய தாம், ஒரு சிறை எழுத்தனின் அதிகாரம் எத்துணைப் பெரிதென்பதை அப்போதுதான் அறிந்ததாக விடுதலையடைந்தபின் அவர் கூறினார். இந்நிகழ்ச்சியின் பின், இளம் அறிஞர் ஜியா யீ, வென் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நேற்றுவரை அரசனே எழுந்து மரியாதை செய்த அமைச்சரை இன்று கயிற்றாற் கட்டிக் கசையால் அடிப்பது அரியணையின் மதிப்பையே குறைக்கும்; குற்றம் செய்த பேரதிகாரி தானே உணர்ந்து உயிர்விட இடமளிப்பதே தகும் என்பது அவர் வாதம். அவருடைய நோக்கம் இரக்கமே. ஆனால் அமைச்சரைச் சிறையின் இழிவிலிருந்து காத்த அவ்விதியே, நீதிமன்றத்தின் வாயிலையும் அவர்களுக்கு அடைத்துவிட்டது.

கி. மு. 170 இல் வென் பேரரசரின் தாய்மாமன் போ ஜாவ் அரச தூதன் ஒருவனைக் கொன்றார். பேரரசர் அதிகாரிகளை அவருடைய வீட்டுக்கு அனுப்பி, அவரோடு மது அருந்துவித்துக் குறிப்பாக உணர்த்தினார். மாமன் உணர மறுத்தார். பின்னர் அதிகாரிகள் அனைவரும் துக்க உடை பூண்டு சென்று, உயிரோடிருந்த அவர்முன் ஒப்பாரி வைத்து அழுதனர். அதன்பின் அவருக்கு வேறு வழியில்லை. இங்கே குற்றம் உண்மையானது. எனினும் அரசனின் உறவினனும் சட்டத்துக்கு உட்பட்டவன் என்பதை மக்கள் காணும்படி அது விசாரிக்கப்படவில்லை.

ஃபூசூவின் நினைவு ஹான் அரசமரபையும் ஒரு முறை உலுக்கியது. வூ பேரரசர் முதுமையிலே நோயுற்று, தமக்கு எவரோ செய்வினை செய்கின்றனர் என்று அஞ்சினார். ஜியாங் சோங் என்னும் அதிகாரி அவ்வச்சத்தை வளர்த்து, கி. மு. 91 இல் பட்டத்து இளவரசன் லியூ ஜூவின் அரண்மனையையே தோண்டி, மரப்பாவைகளைக் கண்டெடுத்ததாகக் கூறினான். பேரரசர் அப்போது வெளியூர் மாளிகையிலே இருந்தார். தந்தையை நேரிற் காணவும் நிலைமையை விளக்கவும் இளவரசனுக்கு வழி கிட்டவில்லை. ஃபூசூவுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள் என்று அவனுடைய ஆசான் எச்சரித்தார். தந்தை உயிரோடிருக்கிறாரா என்பதே அவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஃபூசூ கீழ்ப்படிந்து இறந்தான். லியூ ஜூ எதிர்த்தெழுந்து ஜியாங் சோங்கைக் கொன்றான்.

அது தந்தைக்குக் கலகமாகவே தோன்றியது. தலைநகர் சாங்கானின் வீதிகளிலே ஐந்து நாள் போர் நடந்தது, பல்லாயிரவர் மாண்டனர். இளவரசனின் தாயாகிய அரசி வேய் ட்ஸுஃபூவின் முத்திரை பறிக்கப்பட்டது. முப்பத்தெட்டு ஆண்டு அரசியாக விளங்கிய அவள் தன் உயிரைப் போக்கிக்கொண்டாள். தப்பியோடிய இளவரசன் ஹூ என்னும் ஊரில் செருப்பு விற்று வாழும் ஏழை ஒருவனின் வீட்டில் ஒளிந்திருந்தான். இருப்பிடம் வெளிப்பட்டு அதிகாரிகள் சூழ்ந்தபோது, அவ்வீட்டின் அறையிலே தூக்கிட்டு இறந்தான். பின்னர் உண்மை துலங்கியது. பேரரசர் ஜியாங் சோங்கின் குலத்தை அழித்தார். மகன் இறந்த ஊரிலே 'மகனை நினைக்கும் மாளிகை' ஒன்றை எழுப்பினார். கேட்கத் தவறிய செவி பின்னர் அழுவதற்கு மாளிகை கட்டிற்று. ஃபூசூவின் பணிவும் லியூ ஜூவின் எதிர்ப்பும் ஒரே முடிவை அடைந்தமை, பிழை மகனிடத்தே இல்லை, இருவரும் நின்ற அமைப்பிலே இருந்தது என்பதைக் காட்டுகின்றது.

இவ்வழக்கத்தை அதன் உள்ளிருந்தே மறுத்த ஒருவர் முதலமைச்சர் வாங் ஜியா. ஆய் பேரரசர் தம் அன்புக்குரிய டோங் சியான் என்னும் இளைஞனுக்கு வரம்பின்றி நிலமும் பட்டமும் வழங்குவதை அவர் கண்டித்தார். அதற்கான ஆணையை முத்திரையோடு திருப்பியும் அனுப்பினார். கி. மு. 2 இல், வேறொரு காரணம் காட்டி, அவரைச் சிறைக்கு அழைக்கும் தூதன் வந்து வாயிலிலே அமர்ந்துகொண்டான். முதலமைச்சர்கள் நீதிபதியின் முன் நின்று முறையிடுவதில்லை; அழைப்பு வந்தவுடன் உயிர்விடுவதே நெடுநாள் மரபு என்று கூறி, உதவியாளர்கள் அழுதுகொண்டே நஞ்சைக் கலந்து நீட்டினர். வாங் ஜியா கிண்ணத்தை நிலத்தில் எறிந்தார். முதலமைச்சன் குற்றம் செய்திருந்தால் மக்கள் அனைவரும் காணத் தண்டிக்கப்படட்டும்; சிறுவரைப்போல் நஞ்சை மென்று சாவதோ என்றார். பின்னர் அரசவை உடை அணிந்து, தூதனை வணங்கி, தலைப்பாகையைக் களைந்து, மூடியில்லாத சிறு வண்டியில் ஏறிச் சிறைக்குச் சென்றார்.

அவர் உயிரோடு வந்துசேர்ந்தார் என்று கேட்டதும் பேரரசர் பெருஞ்சினம் கொண்டார். அச்சினமே இவ்வழக்கத்தின் உட்கருத்தை வெளிப்படுத்தியது. விசாரணைக்கு அழைத்தது விசாரிப்பதற்கன்று. வாங் ஜியா சிறையிலே இருபது நாட்களுக்கு மேல் உணவின்றி இருந்து, இரத்தம் கக்கி இறந்தார். மறுவருடம் பேரரசர் மறைந்தார். டோங் சியான் பதவி பறிக்கப்பட்டு, தன் மனைவியோடு தற்கொலை செய்துகொண்டான்.

பிற்காலத்திலே தாங் பேரரசின் சட்டம் இதனை வரன்முறைப்படுத்தியது. ஐந்தாம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகள், கொடிய பெருங்குற்றம் தவிர்ந்த பிறவற்றுக்காக மரணதண்டனை பெற்றால், தம் இல்லத்திலே தாமே உயிர்விடலாம் என்று அது இடமளித்தது. ஆனால் சட்டத்தின் வரம்பு அரசனின் வீட்டுக்குள் நுழையவில்லை. சுவான்சோங் பேரரசர் கி. பி. 737 இல், அவதூறு ஒன்றை நம்பி, தம் புதல்வர் மூவரைக் குடிமக்களாகத் தாழ்த்தி உயிர்விடச் செய்தார். அதே பேரரசர் 756 இல் கலகத்துக்கு அஞ்சித் தலைநகரை விட்டு ஓடுகையில், மாவேய் என்னும் இடத்தில் காவற்படை முரண்டியது. அவருடைய காதற்கிழத்தி யாங் குவேய்ஃபேயின் உறவினனாகிய முதலமைச்சனைப் படையினர் கொன்றுவிட்டு, அவளுடைய உயிரையும் கேட்டனர். அவள் குற்றமற்றவள் என்பதை மறுப்பவர் இல்லை. ஆயினும் அவள் பேரரசரின் அருகே இருக்கும்வரை படையினர் தம் உயிருக்கு அஞ்சுவர் என்று முதிய அரண்மனைப் பணியாளன் காவ் லீஷி எடுத்துரைத்தான். அங்கிருந்த புத்தர் கோயிலிலே அவள் வாழ்வு முடிந்தது. குற்றமின்மை தெளிவாகத் தெரிந்திருந்தும் அது எவ்வகையிலும் பயன்படாமற் போயிற்று.

மிங் பேரரசின் முற்பகுதியிலே, எக்குற்றமும் சாட்டப்படாத பெண்களும் இவ்வாறு மாள நேர்ந்தது. பேரரசர் இறந்தபோது அந்தப்புர மகளிர் பலர் அவரைத் தொடர்ந்து உயிர்விடுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 1424 இல் யுங்லோ பேரரசர் மறைந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் தூக்கிலிடப்பட்டதாகக் கொரிய அரச வரலாறு குறிக்கின்றது. அவருள் கொரியாவிலிருந்து அனுப்பப்பட்ட பெண்களும் இருந்தனர். நாற்பது ஆண்டுகளின் பின், 1464 இல், யிங்சோங் பேரரசர் தம் மரணப்படுக்கையிலே இவ்வழக்கத்தை நிறுத்துமாறு பணித்தார். அவ்வரசரின் ஆட்சியிலே தோல்வியும் சிறைவாழ்வும் பல உண்டு. ஆயினும் இவ்வொரு சொல்லுக்காக அவரை வரலாறு நன்றியோடு நினைக்கின்றது.

இறுதிப் பேரரசாகிய சிங் மரபினர் வெண்பட்டை அனுப்பும் வழக்கத்தைக் கைவிடவில்லை. தளபதி நியான் கெங்யாவ்மீது தொண்ணூற்றிரண்டு குற்றங்கள் அடுக்கப்பட்டு, 1726 இல் அவர் உயிர்விடுமாறு பணிக்கப்பட்டார். பெருஞ்செல்வம் குவித்த ஹெஷென், தம்மைக் காத்துவந்த முதிய பேரரசர் மறைந்த சில நாட்களுள், 1799 இல், இருபது குற்றங்களின் பேரில் அதே முடிவை அடைந்தார். அவருடைய ஊழல் உண்மையே. ஆனால் அவரோடு சேர்ந்து உண்டவர்களின் பெயர்கள் ஒரு விரிந்த விசாரணையிலே வெளிவராதபடி, அவ்விரைந்த மரணம் பலருக்கு உதவிற்று. 1901 இல், பொக்சர் கிளர்ச்சியின் பின், வெளிநாட்டு அரசுகள் வற்புறுத்தியபோது, இளவரசர் ஒருவரும் அமைச்சர் சிலரும் உயிர்விடுமாறு பணிக்கப்பட்டனர். அக்கிளர்ச்சிக்கு ஆதரவளித்த பேரரசி ட்ஸு சி அரியணைக்குப் பின்னால் அமர்ந்திருக்க, அவர் பெயரால் நடந்தவற்றுக்கு அவர்கள் விலை கொடுத்தனர். 1912 இல் முடியாட்சியே நீங்கியதோடு வெண்பட்டின் ஆட்சியும் நீங்கியது.

இத்துணைச் செய்திகளும் உலகுக்குக் கிடைத்தமை எவ்வாறு? ஆணையை எழுதியவர்கள் இவற்றைப் பாதுகாத்திலர். வூ சீசூவின் இறுதிச் சொல்லையும், பாய் ச்சியின் தயக்கத்தையும், மெங் தியானின் வேண்டுகோளையும் இன்று அறியச் செய்தவர், சாகவேண்டிய வேளையிலே சாக மறுத்த ஓர் அதிகாரி. அவர் வூ பேரரசரின் அரசவை வரலாற்றாசிரியர் சிமா சியான். ஹூணரிடம் சரணடைந்த தளபதி லீ லிங் சார்பாகப் பேசியமைக்காக, கி. மு. 98 ஆம் ஆண்டளவில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பணம் செலுத்தி மீள அவரிடம் செல்வம் இல்லை. எஞ்சிய வழி ஆண்மை நீக்கும் இழிதண்டனையை ஏற்பதே. மானமுள்ள அதிகாரி அதற்கு முன் உயிர்விடுவான் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். அவர் இழிவை ஏற்று உயிர்வாழ்ந்தார். தந்தை தொடங்கிய வரலாற்று நூல் முற்றுப்பெறாதிருந்தமையே காரணம் என்று, பின்னாளிலே மரணதண்டனையை எதிர்நோக்கியிருந்த தம் நண்பர் ரென் ஆனுக்கு அவர் எழுதினார். அந்நூல் நூற்றுமுப்பது இயல்களாக நிறைவுற்றது. மேலிடத்துக்குக் கொண்டுசெல்லத் துணியேன் என்று தூதர்கள் மறுத்த சொற்களை அவர் எக்காலத்துக்கும் உரியவரிடம் கொண்டுசென்றார்.

எனினும் மாண்டோருக்காக அவர் பரிந்துரைத்ததோடு நின்றாரல்லர். மெங் தியான் கட்டிய மதிலையும் பாதையையும் நேரிற் சென்று கண்ட அவர், நிலத்தின் நரம்பை அறுத்தது குற்றமன்று என்றார். நெடும்போரால் நைந்திருந்த மக்களின் உழைப்பை வரம்பின்றிச் செலவிட்டதும், அரசனுக்கு அதனை எடுத்துரைத்துத் தடுக்காததுமே அத்தளபதியின் உண்மையான குற்றம் என்று தீர்ப்பளித்தார். ஆணை அனுப்பிய அரசன் கேளாத கேள்வி அது. அதுபோலவே, பாய் ச்சி மன்னனின் சொல்லைக் கேளாமைக்காக மாண்டாரேயன்றி, சாங்பிங்கிலே புதையுண்டோருக்காக எந்த மன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

விசாரணை என்பது குற்றமற்றவனை விடுவிப்பதற்கு மட்டும் உரியதன்று. உண்மையான குற்றம் யாது, அதனால் துன்புற்றோர் யாவர் என்பதை நாடறியச் செய்வதும் அதன் பணியே. வாள் வந்த வீட்டிலே குற்றமற்ற ஃபூசூவின் மறுமொழியும் கேட்கப்படவில்லை. குற்றமுடையோரால் துன்புற்ற எளியோரின் முறையீடும் கேட்கப்படவில்லை. அரசனின் கருணை உடலைச் சிதையாது காத்தது. உண்மையை அவ்வுடலோடு சேர்த்துப் புதைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவன் யாராயினும், தீர்ப்புக்கு முன் அவன் சொல்லைக் கேட்டல் வேண்டும் என்ற எளிய விதி மனிதகுலத்துக்கு எளிதாகக் கிடைத்ததன்று. அவ்விதி இல்லாத இடத்தில் மரியாதையும் தண்டனையும் ஒன்றாகிவிடும் என்பதற்கு, நஞ்சுக் கிண்ணத்தை நிலத்தில் எறிந்துவிட்டு மூடியில்லாத வண்டியில் ஏறிச் சென்ற வாங் ஜியாவே சான்று.